யானையைக் கட்டித் தீனி போடுவது எப்படி? மின்சார பிக்அப் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என் மின்சார பிக்அப் ட்ரக்கான ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதினேன். 2023 மாடல், பெரிய பேட்டரி, மிச்சிகனில் மூன்று குளிர்காலம் பார்த்த வண்டி. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். ஆறு பேர், ஆறு விதமாக, "டெஸ்லா கார் வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டிருந்தீர்கள். வாங்கியிருக்கலாம். அடுத்த கேள்வி.

கே: அண்ணா, வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன். வாங்குவதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது எது? பேட்டரியா, விலையா, கம்பெனியா?
– ட்ராய், மிச்சிகன்

ப: கராஜ். டேப்பை எடுத்துக்கொண்டு போய் முன்சுவரிலிருந்து கதவு வரை அளந்து பாருங்கள். லைட்னிங்கின் நீளம் 232.7 அங்குலம், அதாவது 19 அடி 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் பக்கத்து வீடுகளில் பல கராஜ்கள் 20 அடிதான். முன்னும் பின்னும் சேர்த்து மிஞ்சுவது ஏழு அங்குலம். என் கராஜில் சுவரோரம் இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது, அதை பேஸ்மென்ட்டுக்கு இறக்கிய அன்று வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. இப்போது உத்தரத்திலிருந்து நூலில் ஒரு டென்னிஸ் பந்து தொங்குகிறது. அது கண்ணாடியில் தொட்டதும் பிரேக், ஒரு விரற்கடை கூடப் போகக் கூடாது. பக்கக் கண்ணாடிகள் விரிந்திருந்தால் அகலம் 96 அங்குலம், சரியாக எட்டடி. ஒற்றைக் கார் கதவும் பல வீட்டில் எட்டடிதான், அதனால் கண்ணாடியை மடக்காமல் உள்ளே போக முடியாது.

இன்னொன்று, சார்ஜ் துளை ஓட்டுநர் பக்கம், முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிறது. சார்ஜரை எந்தச் சுவரில் மாட்டுவது என்று எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு, தினமும் கேபிளை மூக்குக்கு முன்னால் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கிறார்.

கே: சாதாரண 120 வோல்ட் பிளக்கே போதும் என்கிறார் அலுவலக நண்பர். விற்பனையாளர் 80 ஆம்ப் சார்ஜர் போடச் சொல்கிறார். எலக்ட்ரீஷியனோ வீட்டு மின்சாரம் பிரியும் பேனலையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– நேப்பர்வில், இல்லினாய்

ப: மூவரையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

இந்த வண்டி ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தில், அதாவது பில்லில் வரும் ஒரு யூனிட்டில், சுமார் 2 மைல் ஓடும். பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி, சிறியது 98. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 ஆம்ப் இழுத்தால் வருவது 1.4 கிலோவாட், அதிலும் கொஞ்சம் வழியிலேயே போய்விடும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை மைல் ஓடுகிற சார்ஜ் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் செருகி வைத்தால் 30 மைல். காலியான பேட்டரி நிரம்ப நான்கு நாளுக்கு மேல் ஆகும். வீட்டிலிருந்தே வேலை பார்த்து, வாரம் இரண்டு முறை கடைக்குப் போகிறவருக்கு இது போதும், சத்தியமாகப் போதும். ஆனால் ஜனவரியில், பேட்டரியைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடும்.

240 வோல்ட்டில் 30 ஆம்ப் சர்க்யூட் போட்டால் (தொடர்ந்து இழுக்கும் சாமானுக்கு எண்பது விழுக்காடுதான் அனுமதி என்பதால் 24 ஆம்ப்) 5.7 கிலோவாட். பத்து மணி நேரத்தில் நூறு மைல் ஏறிவிடும். நாற்பது மைல் போய்வருகிறவருக்கு இதுவே தாராளம், பல வீடுகளில் பழைய பேனலே தாங்கும். 60 ஆம்ப் சர்க்யூட் போட்டு 48 ஆம்ப் இழுத்தால் காலி பேட்டரி பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் நிரம்பும். 80 ஆம்ப் சார்ஜர் பெட்டிக்கு 100 ஆம்ப் சர்க்யூட் வேண்டும், அதற்காகத்தான் உங்கள் எலக்ட்ரீஷியன் பேனலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். விற்பனையாளர் சொல்லாத ஒரு விஷயம்: அந்த 19.2 கிலோவாட் வேகத்தை வாங்கிக்கொள்ளும் திறன் 2022, 2023 பெரிய பேட்டரி வண்டிகளில்தான் உண்டு. 2024 மாடலில் இருந்து வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 11.3 கிலோவாட் மட்டுமே. அந்த வண்டிக்கு 80 ஆம்ப் பெட்டி வாங்குவது குடத்துத் தண்ணீரை டம்ளர் வாயில் ஊற்றுகிற மாதிரி.

என் சொந்தக் கதை. முதல் வருஷம் நான் பெட்டி மாட்டவில்லை, 14-50 என்கிற அடுப்பு பிளக்கைப் போட்டு, கையடக்கச் சார்ஜரைச் செருகினேன். எலக்ட்ரீஷியன் கடையில் கிடைத்ததிலேயே மலிவான சாக்கெட்டை மாட்டியிருக்கிறார், எனக்கு அப்போது வித்தியாசம் தெரியாது. எட்டாவது மாதம் கராஜில் மீன் கருகிய மாதிரி ஒரு வாசனை. வீட்டில் எல்லோரும் அடுப்பைப் போய்ப் பார்த்தோம். மறுநாள் பிளக்கைப் பிடுங்கினால் வரவில்லை, ஒரு கால் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது, சுற்றிலும் வெல்லப்பாகு நிறத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அடுப்பு அந்த சாக்கெட்டில் அரைமணி நேரம் இழுக்கும், வண்டி இரவு முழுவதும் இழுக்கும். அதனால் சாக்கெட் போடுவதானால் தொழிற்சாலைத் தரத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், இல்லை சார்ஜரை நேரடியாகக் கம்பியில் இணைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். பெர்மிட் எடுக்காமல் செய்துதரேன் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: ஜெர்சி சிட்டியில் அபார்ட்மென்ட், தெருவில்தான் பார்க்கிங். ரிவியன் மின்வண்டி மேல் ஆசை. வாங்கலாமா?

ப: வேண்டாம். ஆசையை வைத்துக்கொள்ளுங்கள், வீடு மாறியதும் வாங்குங்கள்.

கே: பெட்ரோல் ட்ரக்கை விட மாதம் எவ்வளவு மிச்சம்? மழுப்பாமல் டாலரில் சொல்லவும்.
– எடிசன், நியூ ஜெர்சி

ப: மாதம் 1,000 மைல் என்று வைப்போம். 500 கிலோவாட் மணி, சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்து 550. உங்கள் பில்லில் யூனிட் 20 சென்ட் என்றால் 110 டாலர். கேலனுக்கு 20 மைல் தரும் பெட்ரோல் பிக்அப்புக்கு 50 கேலன், கேலன் 3.20 என்றால் 160 டாலர். மிச்சம் ஐம்பது. ஆயில் மாற்றுகிற செலவு இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடுத்த பக்கம். நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 55 சென்ட் கொடுத்தால் அதே 1,000 மைலுக்கு 275 டாலருக்கு மேல் ஆகும், பெட்ரோலை விட நூறு டாலர் அதிகம். அப்புறம் உங்கள் மாநிலத்தில் 2024 ஜூலையிலிருந்து மின்வண்டிக்கு வருஷம் 250 டாலர் தனிக் கட்டணம், அது வருஷாவருஷம் பத்துப் பத்தாக ஏறுகிறது, புது வண்டிக்கு நான்கு வருஷத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். டெக்சஸ் வாசகர்களுக்கும் உண்டு: புது வண்டிக்கு 400, பிறகு வருஷம் 200. இது போக டயர். மூன்று டன்னைத் தொடும் வண்டி, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் சீறும். என் முதல் செட் டயர் 31,000 மைலில் வழுக்கையாகிவிட்டது, என் மகன் ஓட்டக் கற்றுக்கொண்ட வருஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, வீட்டில் சார்ஜ் போட்டால் மிச்சம் உண்டு, ஆனால் மிச்சம் பிடிக்கவென்று யாரும் பிக்அப் வாங்குவதில்லை.

கே: வணக்கம் அண்ணை. நான் கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கிறன். சினோ காலத்திலை றேஞ்ச் (ஒரு சார்ஜிலை ஓடுற தூரம்) பாதியாக் குறையும் எண்டு வேலையிடத்துப் பெடியள் பயப்படுத்துறாங்கள். உண்மையோ? கரண்ட் காசும் கூடுமோ?

ப: பாதி என்பது கொஞ்சம் மிகை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும் என்று மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். என் வண்டிக்குக் காகிதத்தில் 320 மைல். மைனஸ் பதினைந்து டிகிரியில் நெடுஞ்சாலையில் 190 கிடைத்தால் நல்ல நாள். கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை, ஏப்ரலில் எல்லாம் திரும்பி வரும். உறைந்த பேட்டரி சுருங்கிய கையால் காசை எண்ணிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கூடவே உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்க வேறு மின்சாரம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்: கிளம்பும் நேரத்தை வண்டியில் பதிந்து வையுங்கள். ஏழு மணிக்கு வேலைக்கு என்றால், வண்டி வயரில் இருக்கும்போதே சுவர் மின்சாரத்தில் பேட்டரியையும் உள்ளேயும் சூடாக்கிவிடும். அப்புறம் ஹீட்டரைக் குறைத்து, சீட்டையும் ஸ்டியரிங்கையும் மட்டும் சூடாக்கிக்கொண்டு போங்கள், அதற்கு மிகக் கொஞ்சம்தான் செலவாகும். பழைய வண்டி பார்ப்பதானால் 2024 மாடலில் இருந்து, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊருக்கு அது வீண் இல்லை.

கரண்ட் காசு விஷயத்தில் ஒன்ராறியோக்காரர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. 2023-இல் அங்கே ஒரு இரவுத் திட்டம் வந்தது, இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் நான்கு சென்ட்டுக்கும் கீழே. நீங்கள் கேட்டால்தான் மாற்றித் தருவார்கள், தானாக வராது. 240 வோல்ட்டில் 40 ஆம்ப் இழுத்தால் அந்த எட்டு மணி நேரத்தில் 75 கிலோவாட் மணி ஏறிவிடும். ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை எகிறிவிடும். வீட்டில் அந்த நேரத்தில்தான் அடுப்பு, டிரையர், பிள்ளைகளின் ஹீட்டர் எல்லாம் ஓடுகிறது என்றால், வண்டியில் பிடித்த காசை சமையலறையில் விட்டுவிடுவீர்கள். முதலில் ஒரு மாதப் பில்லை நேரவாரியாகப் பாருங்கள்.

கே: டெட்ராய்டில் இருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக முடியுமா? வழியில் நின்றுவிட்டால்?
– கேன்டன், மிச்சிகன்

ப: நாலு தடவை போய்வந்தாயிற்று. ஏறக்குறைய 290 மைல். கோடையில் ஒரு நிறுத்தம், குளிர்காலத்தில் இரண்டு. நான் வீட்டில் தினமும் 90 விழுக்காடு வரைதான் ஏற்றுவேன், கோயிலுக்குப் போகிற நாள் மட்டும் நூறு. 15-இல் இருந்து 80 வரை ஏற நாற்பது நிமிடம் சொச்சம், அதில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வரலாம். 80-க்கு மேல் உட்கார்ந்திருக்காதீர்கள். கடைசி இருபது விழுக்காடு கிழவன் மலையேறுகிற மாதிரி ஏறும், பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். குளிர் நாளில் சார்ஜரை வண்டியின் சொந்த வழிகாட்டியில் இலக்காகப் போடுங்கள், அப்போதுதான் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். இல்லையென்றால் குளிர்ந்த பேட்டரியோடு போய் நின்று, அறுபது நிமிடம் ஆகிவிட்டது என்று சார்ஜரைத் திட்டுவீர்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் டெஸ்லா கம்பெனியின் ஃபாஸ்ட் சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் ஃபோர்டு வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டன, அதன் பிறகு பயணம் எவ்வளவோ சுலபம். அடாப்டர் வேண்டும், பழைய வகை நிலையங்களில் வேலை செய்யாது, நம் வண்டிக்கு என்று ஆப்பில் காட்டும் நிலையங்களுக்கு மட்டும் போங்கள். ஒரு தர்மசங்கடம் உண்டு. டெஸ்லாவுக்குத் துளை பின்பக்கம் இடது மூலையில், கேபிளும் அந்த அளவுக்குத்தான். நமக்கோ முன்பக்கம். பக்கத்து ஸ்டாலில், அதாவது அடுத்த வண்டி நிற்கும் இடத்தில், இருக்கும் கேபிள்தான் எட்டும், இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நிற்க வேண்டி வரும். நான் எப்போதும் கடைசி ஸ்டாலாகப் பார்த்து நிறுத்துகிறேன். ஒரு முறை கூட்டமான ஞாயிற்றுக்கிழமை, ஒரு அம்மா காரை விட்டு இறங்கி வந்து என் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

பின்னால் டிரெய்லர் கட்டினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பெட்டி மாதிரி உயரமான டிரெய்லர் என்றால் றேஞ்ச் பாதிதான், பல சார்ஜர்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்க முடியும்.

கே: ஐயா, பெரில் புயலில் நாங்கள் ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இந்த வண்டியால் வீட்டையே ஓட்டலாம் என்கிறார்களே, எவ்வளவு தூரம் நிஜம்?
– கேட்டி, டெக்சஸ்

ப: நிஜம்தான். 2024 ஜூலையில் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகள் இருண்டபோது, இந்த வண்டி வைத்திருந்தவர்கள் தெருவில் திடீர்ப் பிரமுகர்கள் ஆனார்கள்.

முதலில் வண்டியைப் பாருங்கள். 9.6 கிலோவாட் வெளியே கொடுப்பது எல்லா லைட்னிங்கிலும் கிடையாது, அடிப்படை வகைகளில் 2.4 மட்டும் இருக்கும். 9.6 இருந்தால் பின்தொட்டியில் 7.2, முன்டிக்கியில் (எஞ்சின் இல்லாததால் முன்னால் கிடைக்கும் சாமான் இடம்) 2.4 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ், வைஃபை, நாலு மின்விசிறி, படுக்கையறையில் ஒரு ஜன்னல் ஏசி என்றால் நாளைக்கு 15 கிலோவாட் மணி போதும், நிரம்பிய பெரிய பேட்டரி ஒரு வாரம் தாங்கும். முழு வீட்டு ஏசியையும் ஜூலை மாதத்தில் ஓட்டினால் இரண்டு நாளில் தரை தட்டிவிடும், அதிலும் கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் இழுக்கிற இழுப்பில் வண்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளலாம். கடைசி இருபது விழுக்காட்டைத் தொடாதீர்கள், மின்சாரம் இருக்கிற ஊருக்குப் போய் சார்ஜ் போட அதுதான் வழிச்செலவு.

இணைக்க மூன்று வழி. எக்ஸ்டென்ஷன் கம்பியை ஜன்னல் வழியாக இழுப்பது ஒன்று, காசில்லாத வழி, கொசு வரும். இரண்டாவது, பின்தொட்டியின் 240 வோல்ட் சாக்கெட்டில் இருந்து ஜெனரேட்டருக்குப் போடுகிற மாதிரி வீட்டில் ஒரு இன்லெட், அதாவது மின்சாரத்தை உள்ளே வாங்கும் பிளக். இங்கே ஒரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை: வீட்டு பேனலில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும், வண்டியிலும் சேர்ந்திருக்கும், இரண்டையும் இணைத்ததும் வண்டியின் கசிவுப் பாதுகாப்பு டப்பென்று விழுந்துவிடும். நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்து வண்டிக்கு மாற்றுவது) வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். மூன்றாவது, ஃபோர்டின் தானியங்கி அமைப்பு, 80 ஆம்ப் பெட்டி வழியாக வேலை செய்வது. சௌகரியம்தான், ஆயிரக்கணக்கில் செலவு.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த கம்பியைத் தானே செய்து டிரையர் சாக்கெட்டில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். உங்கள் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் ஏறும், அங்கே கம்பத்தில் ஒருவர் கையுறையோடு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

கே: வார இறுதியில் சின்னதாகக் கேட்டரிங் செய்கிறேன். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் பூங்காவில் ஜெனரேட்டர் சத்தம் தாங்க முடியவில்லை. ட்ரக்கில் கிரைண்டர் ஓடுமா அக்கா என்று என் தங்கை கேட்கிறாள், நான் உங்களைக் கேட்கிறேன்.
– கேரி, வட கரோலினா

ப: ஓடும். எங்கள் சங்கத்தில் போன வருஷம் இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு காபி கலன், ஒலிபெருக்கி எல்லாம் என் பின்தொட்டியில் இருந்துதான் ஓடின. ஐந்து மணி நேரத்தில் 15 கிலோவாட் மணி போயிற்று, அதாவது முப்பது மைல். இண்டக்‌ஷன் அடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி சாக்கெட்டில் செருகுங்கள், ஒரே சாக்கெட்டில் இரண்டு போட்டால் பொங்கல் பொங்குமுன் பிரேக்கர் விழும், எங்களுக்கு விழுந்தது. கிரைண்டர் 110 வோல்ட் மாடலாக இருக்கட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரை 240 சாக்கெட்டில் போடலாமா என்று ஆசை வரும், வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார், இங்கே 60.

முன்டிக்கி 400 பவுண்டு தாங்கும், 20 பவுண்டு சோனா மசூரி என்றால் இருபது மூட்டை. அடியில் தண்ணீர் வடிய அடைப்பானும் இருக்கிறது, ஐஸ் கொட்டி மோர் பாட்டில்களை வைக்கலாம். சாம்பாரை மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை சிந்தியது, இன்னும் பெருங்காய வாசனை.

கே: ஃபோர்டு லைட்னிங்கை நிறுத்திவிட்டதாமே? பழையது இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஏமாளியா?
– ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

ப: 2025 டிசம்பரில் அப்படித்தான் அறிவித்தார்கள். அடுத்து வருவது பெட்ரோல் ஜெனரேட்டரையும் சுமக்கும் வகையாம். புதிதாக வாங்கியவர்கள்தான் அடிபட்டார்கள்: அடிப்படை மாடல் 2021-இல் 39,974 டாலர் என்று அறிவித்து, 2023 மார்ச்சில் 59,974-க்கு ஏற்றி, அதே ஜூலையில் 49,995-க்கு இறக்கினார்கள். நான் வாங்கியது மே மாதம். என்னிடம் ஏமாளி என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

பழையது வாங்குகிறவருக்கு இது நல்ல காலம். புதுசுக்கான 7,500, பழசுக்கான 4,000 டாலர் மத்திய அரசு வரிச் சலுகைகள் இரண்டும் 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டன, அதைக் காட்டி யாராவது விலை பேசினால் நம்பாதீர்கள். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 100,000 மைல் உத்தரவாதம் வண்டியோடு உங்களுக்கு வரும். நூறு விழுக்காடு ஏற்றி எத்தனை மைல் காட்டுகிறது, நாலு டயரும் எப்படி இருக்கின்றன, டெஸ்லா அடாப்டரும் கையடக்கச் சார்ஜரும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். அவற்றைத் தனியே வாங்கினால் சில நூறு டாலர். ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் செருகியும் பார்த்துவிடுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு சுற்று வந்ததும் கை கொடுக்கிறவர்கள் இதைச் செய்வதில்லை.

கே: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வண்டியில் ஏறவே முடியவில்லை. ஏதாவது வழி உண்டா?
– நோவை, மிச்சிகன்

ப: விலை உயர்ந்த மாடலில் கதவைத் திறந்ததும் தானே இறங்கும் படி உண்டு. என்னிடம் இல்லை. முன்டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருக்கிறேன். என் மாமியார் அதில் கால் வைத்து ஏறி உட்கார்ந்த பிறகு, அதைத் திரும்ப எடுத்து உள்ளே வைக்க மறந்து இதுவரை மூன்று முக்காலிகளை வெவ்வேறு கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.